தாளும் பகடையும் காத்திருப்பதில்லை

பெங்களூரின் கோரமங்களா, இந்திராநகர், ஜெயநகர் போன்ற பகுதிகளில், வார இறுதி மாலைகளில், வாடகைக் குடியிருப்புகளிலும் மேசை விளையாட்டுக்கென நடத்தப்படும் கஃபேக்களிலும் ஐந்தாறு பேர் கூடி இருபது முகப் பகடையை உருட்டும் காட்சி இன்று அரிதன்று. ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அக்கதைக்குள் நுழைகின்றனர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாள் இருக்கிறது. பாத்திரத்தின் வலிமை, அறிவு, கையிருப்பு, காயம் ஆகிய அனைத்தும் அத்தாளில் பென்சிலால் எழுதப்பட்டு, அழிக்கப்பட்டு, மீண்டும் எழுதப்படுகின்றன. இவர்களுள் பலர் வாரநாள்களில் மென்பொருள் எழுதிச் சம்பளம் பெறுபவர்கள். பால் வாங்கவும் ஆட்டோ அழைக்கவும் செயலியை நாடுபவர்கள். ஆயினும், தாங்கள் நேசிக்கும் விளையாட்டுக்குப் புதிய டிஜிட்டல் கருவி வரவிருக்கிறது என்று அதன் வெளியீட்டு நிறுவனம் அறிவிக்கும்போது, முதலில் ஐயுறுபவர்களும் இவர்களே.

இந்த ஐயத்துக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகத் தரப்படுகின்றன. ஒன்று, பழையதன்மீதான பற்று. மற்றொன்று, எதிலும் குறை காணும் ரசிகர் மனப்பான்மை. இரண்டும் சோம்பல் மிகுந்த விளக்கங்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக் கால வரலாற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தால், ரசிகர்களின் ஐயம் அனுபவத்திலிருந்து பிறந்த ஒரு மதிப்பீடு என்பது விளங்கும். கருவிகள் தாமதமானதற்கான காரணமும் பொறியாளர்களின் திறமைக்குறைவில் இல்லை. அக்கருவிகளிடம் எதிர்பார்க்கப்பட்ட பணியிலேயே அது அடங்கியிருந்தது.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் எனப்படும், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் தொடக்கம் 1974. அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வடிவமைத்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அவ்வாண்டு வெளிவந்தது. 1997-இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1999-இல் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ, விசார்ட்ஸையே வாங்கியது. இவ்விளையாட்டுக்குப் பலகை கட்டாயமில்லை. வெற்றி தோல்வியும் இல்லை. விதிநூல்கள், பகடைகள், ஆட்டத்தை நடத்துபவரின் தீர்ப்பு ஆகியவையே அதன் மூலப்பொருள்கள். இதற்கான டிஜிட்டல் உதவி மூன்று வகைப்படும். முதலாவது, கணக்குகளைச் சரிபார்த்துப் பாத்திரத்தை உருவாக்கித் தரும் கருவி. இரண்டாவது, நூற்றுக்கணக்கான பக்கங்களில் சிதறிக்கிடக்கும் விதிகளைத் தேடித் தரும் தொகுப்பு. மூன்றாவது, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே வரைபடத்தைப் பார்த்தபடி ஆடுவதற்கான மெய்நிகர் மேசை. மூன்றும் தேவையானவை என்பதில் ஆட்டக்காரர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு ஒருபோதும் இருந்ததில்லை.

வாக்குறுதிகளின் வரலாறு 2000-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு வந்த மூன்றாம் பதிப்பின் விதிநூலோடு ஒரு குறுந்தகடு இணைக்கப்பட்டிருந்தது; அதில் பாத்திரம் உருவாக்கும் கருவியின் முன்னோட்டம் இருந்தது. முழுமையான 'மாஸ்டர் டூல்ஸ்' மென்பொருள் விரைவில் வரும் என்று அறிவிக்கப்பட்டது. வந்தது 2002-இல்; பெயரும் 'ஈ-டூல்ஸ்' என மாறியிருந்தது. வரைபடம் வரையும் பகுதி உள்ளிட்ட பல வாக்குறுதிகள் வழியிலேயே உதிர்ந்திருந்தன, பிழைகள் மலிந்திருந்தன. அவற்றைத் திருத்தும் பொறுப்பு பிறகு வேறொரு சிறு நிறுவனத்தின் கைக்குப் போனது. பிசிஜென் என்ற கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வத்தில் உருவாக்கிய ரசிகர்களிடமிருந்து தோன்றிய நிறுவனம் அது. முதல் வாக்குறுதியின் மிச்சத்தைச் சுமந்தவர்கள், ஐயுற்றதாகக் குறைகூறப்படும் அதே ரசிகர்கள்தாம்.

இரண்டாவது வாக்குறுதி இதனினும் பெரிது. 2007 ஆகஸ்ட்டில் நான்காம் பதிப்பு அறிவிக்கப்பட்டபோது, 'டி அண்ட் டி இன்சைடர்' என்ற சந்தாச் சேவையும் உடன் அறிவிக்கப்பட்டது. பாத்திரம் உருவாக்கும் கருவி, பாத்திரத்தின் உருவை முப்பரிமாணத்தில் காட்டும் கருவி, மெய்நிகர் மேசை ஆகிய யாவும் அதில் அடங்கும் என்றார்கள். 2008 ஜூனில் நூல்கள் வந்தன, கருவிகள் வரவில்லை. பாத்திரம் உருவாக்கும் கருவி சில மாதங்கள் கழித்து வந்து, உண்மையிலேயே நற்பெயர் பெற்றது. ஆனால் 2010 இறுதியில், கணினியில் இறக்கிக்கொள்ளக்கூடிய அக்கருவியைப் புதுப்பிப்பது நிறுத்தப்பட்டு, இணையத்தில் மட்டும் இயங்கும் மற்றொன்று அதன் இடத்தில் வைக்கப்பட்டது. அது மைக்ரோசாஃப்ட்டின் சில்வர்லைட் தொழில்நுட்பத்தின் மீது கட்டப்பட்டிருந்தது. சில்வர்லைட்டை உலாவிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இறுதியில் மைக்ரோசாஃப்ட்டே கைவிட்டது. 2020 பிறந்தபோது அக்கருவிகளும் மூடப்பட்டன. மெய்நிகர் மேசையோ சோதனைப் பதிப்பாகவே வந்து, சோதனைப் பதிப்பாகவே 2012 ஜூலையில் முடிவுற்றது. முப்பரிமாண உருவக் கருவி வாக்குறுதியாகவே நின்றுவிட்டது.

மூன்றாவது, 2014. ஐந்தாம் பதிப்புக்கென டிராப்டோர் என்ற நிறுவனம் 'டன்ஜன்ஸ்கேப்' என்ற கருவியை உருவாக்கிவந்தது. சோதனை நடந்துகொண்டிருந்த வேளையில், அக்டோபர் இறுதியில், இரு நிறுவனங்களும் பிரிந்ததாக அறிவிப்பு வந்தது. கருவி வெளிவரவே இல்லை.

இவ்வரிசையில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2017 ஆகஸ்ட்டில் 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற தளம், அறிவிக்கப்பட்ட சில மாதங்களிலேயே வெளிவந்தது. வந்தது மட்டுமன்று, நன்றாக இயங்கவும் செய்தது. அதைக் கட்டியது வெளியார் நிறுவனமான கர்ஸ். விதிகளைத் தேடித் தருவது, பாத்திரத் தாளை நிர்வகிப்பது என்ற வரையறுக்கப்பட்ட பணியோடு அத்தளம் தொடங்கியது. மெய்நிகர் மேசையாகத் தன்னை அறிவித்துக்கொள்ளவில்லை. 2022-இல் ஹாஸ்ப்ரோ ஏறத்தாழ 14.6 கோடி டாலருக்கு அதனை வாங்கியது.

வாங்கிய சில மாதங்களில், 2022 ஆகஸ்ட்டில், நான்காவது பெரிய வாக்குறுதி வந்தது: அன்ரியல் எஞ்சின் 5 கொண்டு கட்டப்படும் முப்பரிமாண மெய்நிகர் மேசை. இரண்டாண்டுகளுக்குப் பின் அதற்கு 'சிஜில்' என்று பெயர் சூட்டப்பட்டது. 2025 பிப்ரவரி இறுதியில் அது வெளியிடப்பட்டது. அடுத்த மாதமே அதனை உருவாக்கிய குழுவில் சுமார் 30 பேர், அதாவது குழுவின் மிகப் பெரும்பகுதி, பணிநீக்கம் செய்யப்பட்டனர். இந்நிலையில் 'இம்முறையாவது நம்புங்கள்' என்று ஆட்டக்காரர்களைக் கேட்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

தாமதத்துக்கான தொழில்நுட்பக் காரணம் இங்கே விளக்கப்பட வேண்டும். கணினியியல் மாணவர்களுக்கு அது பயன்படும். சதுரங்கத்தின் விதிகள் முடிவுள்ளவை. அவற்றை நிரலாக்குவது எளிய பயிற்சி. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் விதிகளோ விலக்குகளால் ஆனவை. ஒவ்வொரு மந்திரமும், ஒவ்வொரு ஆயுதமும், ஒவ்வொரு தனித்திறனும் பொதுவிதிக்கு ஒரு விலக்கை அறிவிக்கிறது. அவ்விலக்குகள் சட்டமொழியில் எழுதப்படாமல், மனிதர்கள் படித்துப் பொருள்கொள்ளும் இயல்பான உரைநடையில் எழுதப்படுகின்றன. ஒரு விலக்கு மற்றொன்றோடு மோதும் இடத்தில் ஆட்டத்தை நடத்துபவர் தீர்ப்புச் சொல்கிறார், ஆட்டம் நகர்கிறது. புதிய நூல் வெளிவரும் ஒவ்வொரு முறையும் விலக்குகளின் எண்ணிக்கை கூடுகிறது. இவற்றையெல்லாம் தாண்டி, 'கூரையில் தொங்கும் விளக்குச் சங்கிலியை அறுத்து எதிரிமேல் விழச் செய்கிறேன்' என்று ஓர் ஆட்டக்காரர் சொன்னால், மனித நடத்துநர் ஒரு நொடி யோசித்து ஓர் இலக்கைச் சொல்லிப் பகடையை உருட்டச் சொல்வார். மென்பொருளில் அச்சங்கிலியை யாரோ முன்கூட்டியே வடிவமைத்திருந்தால் மட்டுமே அது அறுபடும். காட்சி எவ்வளவு நுட்பமாகிறதோ அவ்வளவுக்கு முன்கூட்டிய வடிவமைப்பும் கூடுகிறது. முப்பரிமாண மேசை தாமதமாவதில் வியப்பில்லை.

ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில், தாமதமான மென்பொருள் திட்டத்துக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று காட்டினார். பெங்களூரின் எந்த நிறுவனத்திலும் இரண்டாண்டு பணிபுரிந்தவருக்கு இதை நூலில் படிக்கத் தேவையில்லை. வெளியீட்டு நாளை வெள்ளைப் பலகையில் எழுதியவரும், அதை அழித்து அடுத்த காலாண்டுக்குத் தள்ளியவரும் இந்நகரின் ஆட்டமேசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஓர் அறிவிப்பில் எது இயங்கும் பொருள், எது காட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட படம் என்பதை அவர்கள் எளிதில் பிரித்தறிகிறார்கள். அவர்களின் ஐயத்தில் தொழிலறிவும் கலந்திருக்கிறது.

ஆயினும் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றே காரணமாக இருந்திருந்தால் எல்லோரும் தோற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 2004-லேயே ஃபேன்டஸி கிரவுண்ட்ஸ் என்ற மெய்நிகர் மேசை விற்பனைக்கு வந்துவிட்டது. 2012-இல், விசார்ட்ஸ் தன் மெய்நிகர் மேசையை மூடிய அதே ஆண்டில், கல்லூரிக்கால அறைத்தோழர்கள் மூவர் பொதுமக்களிடம் சிறுதொகை திரட்டி ரோல்20-ஐத் தொடங்கினர். அது உலாவியிலேயே இயங்கியது. 2020-இல் ஃபவுண்ட்ரி வந்தது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கி, தன் கணினியிலேயே நிறுவி, நண்பர்களை அதற்குள் அழைத்துக்கொள்ளலாம். இவர்களிடம் ஹாஸ்ப்ரோவின் பணமோ விதிநூல்களின் உரிமையோ இல்லை. ஆனால் இவர்கள் வாக்களித்தது சிறிது: ஒரு வரைபடம், சில வில்லைகள், ஒரு பகடை, ஓர் உரையாடல் பெட்டி. விதியை முழுமையாக நடைமுறைப்படுத்தும் பொறுப்பை மேசையில் இருந்த மனிதர்களிடமே முதலில் விட்டுவைத்தார்கள். அதனால் வெளியிட முடிந்தது.

பெருநிறுவனம் தன் கருவியிடம் இரண்டு பணிகளை ஒருசேரக் கேட்டது. ஒன்று, மேசைக்கு உதவுதல். மற்றொன்று, மேசையைத் தன் இடத்துக்குக் கொண்டுவருதல். விதிநூலை ஒருவர் ஒருமுறை வாங்கி நண்பர்கள் ஐவர் இருபதாண்டு ஆடலாம் என்பது இவ்விளையாட்டின் பண்பு. அதுவே வணிக நோக்கில் அதன் 'குறை'. இவ்விளையாட்டின் பெயருக்குரிய அளவு வருவாய் இன்னும் ஈட்டப்படவில்லை என்று விசார்ட்ஸின் அன்றைய தலைவர் 2022 டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். ஆட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே சந்தாவுக்குள், ஒரே சர்வரில் நிகழ வேண்டும் என்ற இலக்கு, கருவியைத் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறது, பெரிதானது தாமதமாகிறது, தாமதமானது செலவுக் கணக்கில் முதலில் வெட்டப்படுகிறது. நான்கு வாக்குறுதிகளுள் பின்னைய மூன்றின் காலத்தில் பொறியாளர்களும் தொழில்நுட்பமும் பலமுறை மாறினர். இந்த இலக்கின் ஈர்ப்பு மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

ஐயத்தின் உள்ளடக்கமும் இதற்கேற்ப மாறியிருக்கிறது. 2002-இல் 'எப்போது வரும்' என்று கேட்டவர்கள், 2023-க்குப் பின் 'வந்தால் என்ன ஆகும்' என்று கேட்கத் தொடங்கினர். அவ்வாண்டு ஜனவரியில், 2000 முதல் நடைமுறையில் இருந்த திறந்த விளையாட்டு உரிமத்தைச் செல்லாததாக்கும் வரைவு ஒன்று கசிந்தது. அதையடுத்து வெளியிடப்பட்ட திருத்த வரைவு, பிறருடைய மெய்நிகர் மேசைகள் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று வரையறுக்க முனைந்தது. மேஜிக் மிசைல் என்ற மந்திரம் பாயும் காட்சியை அசையும் படமாகக் காட்டுவது அனுமதிக்கப்படாதவற்றுக்கு எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருந்தது. தன் கருவி இன்னும் வராத நிலையில், வந்துவிட்ட பிறருடைய கருவிகளுக்கு எல்லை வகுக்கும் முயற்சி அது. ஆட்டக்காரர்கள் கூட்டங்கூட்டமாகச் சந்தாவை ரத்து செய்தனர். அம்மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது.

2024 ஆகஸ்ட்டில் மற்றொரு நிகழ்வு. விதிகளின் புதிய பதிப்பு வரவிருந்தபோது, பியாண்ட் தளத்திலுள்ள பாத்திரத் தாள்களில் பழைய மந்திரங்களும் மந்திரப் பொருள்களும் புதிய வடிவத்தால் மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பழைய நூல்களைப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் தாள்களுக்கும் அதுவே கதி. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஆனால் நடுவில் நிகழும் ஒரு கதைத்தொடரின் தாளைத் தொலைவிலிருந்து ஒருவர் திருத்தியெழுத முடியும் என்பது அனைவருக்கும் தெரிந்துவிட்டது. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் யார் கையில் இருக்கிறது என்பதே இதில் அடங்கிய கேள்வி.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், தரம் தாழும் அமைப்பை எதிர்கொள்ளும் மக்களுக்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் என்ற இரு வழிகள் உள்ளன என்றும், பற்று மிகுந்தவர்களே குரலெழுப்பத் தங்குகிறார்கள் என்றும் விளக்கினார். ரசிகர்களின் ஐயத்தை இக்கண்ணோட்டத்தில் வாசிக்கலாம். பற்றில்லாதவர் ஐயுறுவதில்லை, வேறொன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான்காம் பதிப்பின் காலத்தில் பலர் 2009-இல் வந்த பாத்ஃபைண்டர் விளையாட்டுக்கு உண்மையிலேயே இடம்பெயர்ந்தனர். எஞ்சி நின்று முணுமுணுத்தவர்கள் நிறுவனத்துக்கு இலவச ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார்கள். 2023 ஜனவரியில் நடந்ததோ வெளியேற்றமும் குரலும் ஒன்றாகக் கலந்த நிகழ்வு: சந்தாவை ரத்து செய்தவர்கள் விளையாட்டைக் கைவிடவில்லை.

இவ்வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது. பெங்களூரின் மேசைகளில் அதன் விளைவு வேறு வடிவம் கொள்கிறது. சந்தா டாலரில் கணக்கிடப்படுகிறது. 2021 அக்டோபர் 1 முதல், அட்டைகளின்வழி தானாகத் தொடரும் கட்டணங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிமுறை நடைமுறைக்கு வந்தபோது, வெளிநாட்டுச் சேவைகளின் சந்தாக்கள் பல இந்திய அட்டைகளில் நின்றுபோயின. சேமித்த பாத்திரங்களும் வாங்கிய விதிகளும் சந்தாவோடு கட்டுண்டிருந்தால், ஒரு நாட்டின் வங்கி விதி மாறும்போது ஒரு நண்பர்குழுவின் ஆட்டமும் தடைபடும். அன்ரியல் எஞ்சின் கேட்கும் வரைகலை அட்டை, பிஜி விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவரின் மடிக்கணினியில் இருப்பது அரிது. ஐவர் ஆடும் மேசையில் ஒருவரின் கணினி பின்தங்கினால் ஐவரும் பின்தங்குவர்.

மொழியும் ஒரு செய்தியே. பெங்களூரின் மேசையில் விதி ஆங்கிலத்தில் வாசிக்கப்படும். வாதம் கன்னடத்திலோ தமிழிலோ இந்தியிலோ நிகழும். வில்லனின் பெயர் மலையாளத்திலிருந்து வரலாம். தாள் எந்த எழுத்தையும் ஏற்கும். ஓரத்தில் ஒரு வரைபடத்தையும், தேநீர்க் கறையையும் சேர்த்தே ஏற்கும். ஆங்கிலத்துக்காக வடிவமைக்கப்பட்ட படிவத்தில் பாத்திரத்தின் பெயரைத் தமிழில் எழுதலாம். அதன் குலத்தையும் தொழிலையும் திறனையும் நிறுவனம் தந்த பட்டியலிலிருந்தே தெரிவுசெய்ய வேண்டும். கேரி ஆலன் ஃபைன் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விளையாட்டின் உலகம் குழுவினரின் கூட்டு உடன்பாட்டினால் உருவாவது என்று காட்டியது. அவ்வுடன்பாடு எந்த மொழிக்கலவையில் நிகழ்கிறதோ அதற்கு இடந்தராத கருவி, காலந்தவறாமல் வந்தாலும் பாதிதான் வந்ததாகும்.

தாமதமான கருவி என்றதும் பெங்களூருக்குத் தன் சொந்த நினைவும் உண்டு. 1998-இல் இந்நகரில் நிகழ்ந்த ஒரு கருத்தரங்கிலிருந்து சிம்ப்யூட்டர் என்ற எண்ணம் பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து, எளியோருக்கான கையடக்கக் கணினியை உருவாக்க முனைந்தனர். ஒரே கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு வசதியும், இந்திய மொழிகளில் எழுத்தைப் படித்துக்காட்டும் வசதியும் அதில் திட்டமிடப்பட்டன. 2001 ஏப்ரலில் மாதிரி வெளியானது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் கடைக்கு வர 2004 ஏப்ரல் ஆனது. அதற்குள் கைப்பேசி நாடெங்கும் பரவத் தொடங்கியிருந்தது. எதிர்பார்த்ததில் சிறு பங்கே விற்றது.

சிம்ப்யூட்டரும் தாமதம், சிஜிலும் தாமதம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிம்ப்யூட்டரின் வன்பொருள் வடிவமைப்பு, பிறரும் எடுத்துக் கட்டும் வகையில் ஒரு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. கருவி சந்தையில் தோற்றபின்னும் அதன் வடிவமைப்பு பொதுவில் எஞ்சியது. மூடப்பட்ட சர்வரிலிருந்து ஆட்டக்காரருக்கு எஞ்சுவது எதுவுமில்லை. தாமதத்தை மன்னிக்கலாமா என்ற கேள்விக்கு விடை, தோற்றபின் என்ன மிஞ்சும் என்பதைப் பொறுத்தது.

ஐயத்துக்கு எதிரான வாதங்களும் வலுவற்றவையல்ல. 2020-இன் ஊரடங்கில் மேசைகள் கலைந்தபோது இவ்விளையாட்டை உயிரோடு வைத்தவை டிஜிட்டல் கருவிகளே. பெங்களூரில் ஒன்றாகப் படித்து, இன்று சென்னையிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலுமாகச் சிதறிய நண்பர்குழுவுக்கு மெய்நிகர் மேசையைத் தவிர வேறு மேசை இல்லை. பார்வைக்குறைபாடு உடையவருக்கும், கணக்கில் தடுமாறுபவருக்கும், முதன்முறை ஆடவரும் புதியவருக்கும் தாளைவிடக் கருவி கருணை மிக்கது. எல்லாக் கருவியையும் முன்கூட்டியே எள்ளிநகையாடும் சூழலில், நேர்மையான சிறு முயற்சிகளும் முதல் ஆட்டக்காரர்களைப் பெறாமல் பட்டினியால் மடியக்கூடும். ஐயம் பழக்கமாகிவிட்டால் அது பகுத்தறிவதை நிறுத்திவிடுகிறது. பியாண்ட் தளம் வந்தபோதும் பலர் ஐயுற்றனர். அன்று அந்த ஐயம் தவறிற்று என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

எனவே ஐயம் பயனுள்ளதாக இருக்க, அது மூன்று கேள்விகளாகக் கூர்மைப்பட வேண்டும். அறிவிக்கப்படுவது இன்று இயங்குகிறதா, அல்லது படமாக மட்டுமே காட்டப்படுகிறதா? ஆட்டக்காரர் உருவாக்கிய பாத்திரத்தையும் குறிப்புகளையும் வேறிடத்துக்கு எடுத்துச்செல்ல முடியுமா? நிறுவனம் கைவிட்ட மறுநாளும் கருவி இயங்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வந்தால், தாமதம் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. ஒன்றுக்கும் விடை இல்லையெனில், குறித்த நாளில் வந்தாலும் எச்சரிக்கை தேவை.

இதில் கல்வித்துறைக்கும் ஒரு பாடம் உண்டு. மக்கள் ஒரு கருவியை ஏற்பதைப் பற்றிய மாணவர் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை, ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை நாடுகின்றன. கருவி பயனுள்ளதென்று கருதுகிறீர்களா, எளிதென்று கருதுகிறீர்களா என்ற இரு அச்சுகளில் அது பயனரை அளக்கிறது. ஏற்காதவர் அம்மாதிரியில் ஒரு தடையாகவே தோன்றுகிறார். பயிற்சியும் விளம்பரமும் அவரைத் திருத்திவிடும் என்ற முடிவுரை தானாகவே எழுதப்பட்டுவிடுகிறது. ஆட்டமேசையில் இருப்பவரோ கருவி பயனுள்ளது என்பதையும் எளிது என்பதையும் மறுக்கவில்லை. ஐந்தாண்டு கழித்து இது இருக்குமா, இருந்தால் என்னுடையதாக இருக்குமா என்று கேட்கிறார். அக்கேள்விக்கு வினாப்படிவத்தில் கட்டம் இல்லை. அரசு அலுவலகத்தின் புதிய தளத்தை நம்பாமல் தாள்நகலைப் பத்திரப்படுத்தும் குடிமகனும், கல்லூரியின் புதிய மதிப்பெண் மென்பொருளுக்கு இணையாகத் தன் குறிப்பேட்டைத் தொடரும் ஆசிரியரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்களைத் தயங்குபவர்கள் என்று வகைப்படுத்தும் ஆய்வு, அவர்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ளத் தவறுகிறது. பெங்களூரின் வகுப்பறைகளில் இன்று அமர்ந்திருப்போர் நாளை இத்தகைய கருவிகளைக் கட்டப்போகிறவர்கள் என்பதால், இத்தவறு ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை.

ஹம்பியின் இடிபாடுகளுக்கிடையே, கல்தரையில் பழைய ஆட்டங்களின் கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்கள் பலவற்றிலும் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் அவ்வாறே உள்ளன. அவற்றைச் செதுக்கியவர்கள் யாரென்று அறியோம். அவர்களின் அனுமதி ஆடுபவருக்குத் தேவைப்படுவதும் இல்லை. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கையிலிருந்தால் இருவர் அமர்ந்து உடனே ஆடலாம். டிஜிட்டல் கருவி கல்லைப்போல் நிலைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாங்கியவர் ஒரு கதையை ஆடி முடிக்கும் வரையிலேனும் அது அவர் கையில் இருக்க வேண்டும் என்பதே பெங்களூரின் மேசைகளிலிருந்து எழும் கோரிக்கை. அது நிறைவேறும் வரை அவர்கள் தாளிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். அதைப் பின்தங்கல் என்று யாரும் பெயரிட வேண்டியதில்லை.